எதிராளி இல்லாத அகந்தை

1957ஆம் ஆண்டுக் கோடையில், லண்டனுக்கு வடக்கே இயங்கிவந்த ஒரு சிறு குழு இரண்டாக உடைந்தது. குழுவின் நிறுவனர் ஜெரால்டு கார்ட்னருக்கு அப்போது 73 வயது. எந்தப் பத்திரிகைக்காரர் வந்தாலும் உட்காரவைத்துப் பேசுவார், படமெடுக்க நிற்பார். தாம் ஒரு சூனியக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கொள்ளை மகிழ்ச்சி. தலைமைப் பூசாரிணியாக இருந்த டோரீன் வேலியன்டிக்கு இது பெரிய தலைவலி. சூனியத்துக்கு எதிரான 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல்தான் ஒழிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள் இப்படிப்பட்ட ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தன. பெயர் அச்சில் வந்தால் வேலைக்கே ஆபத்து. எனவே வெளியாரிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று குழுவினர் சில விதிகளை எழுதிக் கார்ட்னருக்கு அனுப்பினார்கள். புதிய விதிகள் எதற்கு, நமக்குத்தான் தொன்றுதொட்டு வந்த சட்டங்கள் இருக்கின்றனவே என்று அவர் ஒரு பட்டியலை அனுப்பிவைத்தார். அதுவரை அவர்கள் யார் கண்ணிலும் படாத சட்டங்கள். மொழி வலிந்து பழமையாக்கப்பட்டிருந்தது. தலைமைப் பூசாரிணி வயதேறியதும் இளம்பெண் ஒருத்திக்கு முகம் கோணாமல் இடம்விட வேண்டும் என்றது அவற்றுள் ஒன்று. வேலியன்டிக்கு வயது 35.

அவர் விலகத்தான் செய்தார். ஆனால் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அல்ல. அதைக் கார்ட்னரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று முடிவுகட்டி.

இத்தகைய நவீன சூனியச் சமூகங்களில் அகந்தை, தேர்ந்து தெளிதல், விமரிசன சிந்தனை ஆகியவை பற்றி உள்ளிருப்பவர்கள் எழுதுவதில் பெரும்பகுதி ஒரே உபதேசம்தான்: அகந்தையைக் களை, தெளிவு தானாக வரும். எழுபது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் விஷயம் அப்படித் தெரியவில்லை. தெளிவு வந்த இடங்களில் பலவும் சண்டை நடந்த இடங்கள். இரண்டு அகந்தைகள் மோதியபோதுதான் யாரோ ஒருவர் பழைய காகிதங்களை எடுத்துப் பார்த்திருக்கிறார். இக்கட்டுரை அந்தக் கோணத்திலிருந்து கேள்வியைப் பார்க்கிறது.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. விக்கா என்றும் நவீன விட்ச்கிராஃப்ட் என்றும் அழைக்கப்படுவது, நம் ஊரில் பில்லி, ஏவல் என்று அஞ்சப்படுவதிலிருந்து வேறு. தேவியையும் கொம்புள்ள ஒரு தேவனையும் வணங்கி, ஆண்டின் பருவங்களுக்கு எட்டுத் திருநாள் கொண்டாடி, தரையில் வட்டம் வகுத்து அதற்குள் சடங்கு செய்யும் புதிய சமயம் அது. ‘கோவன்’ எனப்படும் சிறு குழுக்களாக இயங்கும். தீட்சை உண்டு, அதில் மூன்று படிகள் உண்டு. தலைமைப்பீடம் கிடையாது, எல்லோருக்கும் பொதுவான மறைநூல் கிடையாது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 74,000 பேர் தம்மைப் ‘பேகன்’ (விக்கா உள்ளிட்ட இத்தகைய சமயங்களின் பொதுப்பெயர்) என்றும், 13,000 பேர் விக்கா என்றும் பதிந்தார்கள். அமெரிக்காவில் தம்மை விக்கா என்று சொன்னோர் 1990இல் 8,000 பேர், 2008இல் 3,42,000 பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

கார்ட்னரின் வாழ்க்கையில் நமக்குப் பக்கத்து ஊர்த் தொடர்பு உண்டு. இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். பிறகு போர்னியோ, மலாயா. மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு பழைய சூனியக் குழு தமக்குத் தீட்சை தந்தது என்றும், கிறித்துவத்துக்கு முந்திய சமயம் ஒன்று மறைவில் உயிர்தரித்து அவர்கள்வரை வந்திருந்தது என்றும் சொன்னார். 1954இல் அவர் எழுதிய ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ நூலுக்கு முன்னுரை வழங்கியவர் எகிப்தியவியலாளர் மார்கரெட் மரே. கல்கத்தாவில் பிறந்த மரே, 1921இலேயே இப்படியொரு மறைவான சமயம் இருந்ததாக ஒரு நூல் எழுதியிருந்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 1929ஆம் ஆண்டுப் பதிப்பில் சூனியம் பற்றிய பதிவும் அவர் எழுதியதே. ஆக, கார்ட்னர் சொன்னதை நம்பியவர்களை ஏமாளிகள் என்று தள்ளிவிட முடியாது. அன்றைய கலைக்களஞ்சியமே அப்படித்தான் சொன்னது.

வேலியன்டி 1953இல் தீட்சை பெற்றவர். கார்ட்னரின் சடங்கு ஏட்டைப் படித்ததும் அதில் மந்திரவாதி அலிஸ்டர் குரோலியின் வரிகள் அப்படியே கிடப்பது அவர் கண்ணில் பட்டது. கேட்டார். கிடைத்த ஏடு துண்டு துண்டாக இருந்தது, இடைவெளிகளை நிரப்ப வேண்டியிருந்தது என்று கார்ட்னர் சமாளித்தார். உன்னால் இதைவிட நன்றாகச் செய்ய முடியுமென்றால் செய் என்றும் விட்டுவிட்டார். வேலியன்டி செய்தார். இன்று பழமையானவை என்று பலர் கருதும் வழிபாட்டுப் பகுதிகளில் பல அவர் எழுதியவை. தாம் எழுதியதே சில ஆண்டுகளில் தொன்மையின் குரலாகத் தம்மிடம் திரும்பி வருவதை அவர் வாழ்நாளிலேயே பார்த்தார். இந்த அனுபவம் வாய்த்தவருக்குத் ‘தொன்றுதொட்டு’ என்ற சொல்லின்மேல் சந்தேகம் வராமலிருந்தால்தான் வியப்பு.

கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து அதிகாரத்தைப் பெறும் இந்த வழக்கம் கார்ட்னர் கண்டுபிடித்தது அல்ல. அதன் அருகிலுள்ள வேர் ஒன்று சென்னை அடையாற்றில் இருக்கிறது. பிரம்மஞான சபையின் பிளவாட்ஸ்கி அம்மையார், இமயத்துக்கு அப்பாலிருந்து மகாத்மாக்கள் கடிதம் அனுப்புவதாகச் சொல்லிவந்தார். அடையாறு தலைமையகத்தில் வேலை பார்த்த கூலோம் தம்பதி சபையோடு சண்டையிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1884 செப்டம்பரில், பிளவாட்ஸ்கி எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களை அவர்கள் கொடுக்க, மதராஸ் கிறித்துவக் கல்லூரியின் இதழ் வெளியிட்டது. லண்டனிலிருந்து ஓர் ஆய்வுச் சங்கத்தின் சார்பில் ரிச்சர்டு ஹாட்ஜ்சன் விசாரிக்க வந்தார். மறு ஆண்டு வந்த அறிக்கை மோசடி என்று தீர்த்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1986இல், ஹாட்ஜ்சனை அனுப்பிய அதே ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்த வெர்னன் ஹாரிசன், அந்த அறிக்கையே ஒருதலைப்பட்சமானது, கையெழுத்துச் சான்றுகளை அது கையாண்ட விதம் சரியில்லை என்று எழுதினார். சந்தேகப்பட்டவரையும் ஒருவர் சந்தேகிக்க வேண்டியிருந்தது.

அடுத்தது, 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மந்திரச் சபை. விக்காவின் படிமுறைத் தீட்சைக்கும் வட்டத்துக்கும் கருவிகளுக்கும் இதனிடம் பெரிய கடன் உண்டு. அன்னா ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மன் அம்மையார் எழுதியதாகச் சொன்ன கடிதங்களே சபைக்கு அங்கீகாரம். 1900 பிப்ரவரியில், பாரிஸிலிருந்த தலைவர் மேதர்ஸ், சக நிறுவனரான வெஸ்ட்காட்மேல் எரிச்சலடைந்து, அந்தக் கடிதங்கள் வெஸ்ட்காட் கட்டியவை என்று ஒரு கடிதத்தில் போட்டுடைத்தார். உறுப்பினர்கள் விசாரணைக் குழு அமைத்தார்கள். ஏப்ரலில் மேதர்ஸின் ஆளாகக் குரோலி, ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையும் முகமூடியுமாக, பிளைத் சாலையிலிருந்த சபை அறைகளைக் கைப்பற்ற வந்தார். எதிரணியில் கவிஞர் யேட்ஸ். கடைசியில் போலீஸ்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பிரபஞ்ச சக்திகளை ஆள்வதாகச் சொன்னவர்கள் வாடகை அறைக்கு அடித்துக்கொண்ட இந்தக் கதையைச் சிரிப்புக்காகச் சொல்வது வழக்கம். மேதர்ஸின் அகந்தை புண்படாமல் இருந்திருந்தால் அந்தக் கடிதங்களைப் பற்றிய சந்தேகம் அன்று எழுந்தே இருக்காது என்பதை யாரும் சொல்வதில்லை.

கார்ட்னருக்குப் பிறகு பாட்டிகளின் காலம் வந்தது. அலெக்ஸ் சாண்டர்ஸ், தமக்கு ஏழு வயதில் பாட்டி தீட்சை கொடுத்தார் என்றார். ‘சூனியக்காரர்களின் அரசர்’ என்ற பட்டத்தோடு 1960களின் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வலம்வந்தார். அவர் கையிலிருந்த ஏடு கார்ட்னர் வழியினருடையதே என்று காட்டியவர்கள் கார்ட்னர் வழியினர்தாம்; அவர்களுக்கு அதில் சொந்த அக்கறை இருந்தது. அமெரிக்காவில் 1975இல் ஒரு பேகன் இதழில் வெளியான நீண்ட அறநெறிச் செய்யுள் ஒன்றும், வெளியிட்டவரின் பாட்டியிடமிருந்து வந்ததாகவே சொல்லப்பட்டது. பாட்டி ஏன்? அவர் இறந்திருப்பார், எழுதிவைத்திருக்க மாட்டார், சந்தேகிப்பது மரியாதைக் குறைவு. இப்படிப்பட்ட கதைகளுக்கு அந்தச் சமூகமே ‘பாட்டி கதை’ என்று பெயர் வைத்துக் கேலி செய்யத் தொடங்கியது. தன் தலைமுறையின் பொய்க்குத் தானே பெயர் வைத்துக்கொள்ளும் சமயங்கள் அதிகம் இல்லை.

மரேயின் கோட்பாட்டை வீழ்த்தியது வெளியிலிருந்து வந்த வரலாற்றாய்வு. 1975இல் நார்மன் கோன் செய்தது மிக எளிய வேலை. மரே மேற்கோள் காட்டிய விசாரணைப் பதிவுகளை அவர் மூலத்தில் எடுத்துப் படித்தார். விருந்து, நடனம், கூட்டம் என்று நம்பத்தக்கவற்றை மரே எடுத்துக்கொண்டிருந்தார். அதே வாக்குமூலத்தில் அடுத்தடுத்து வந்த பறத்தல், விலங்காக மாறுதல் போன்றவற்றை வெட்டியிருந்தார். வெட்டிய பிறகு மிஞ்சியது நிதானமான சாட்சியம்போல் தோன்றியது. மேற்கோளில் விட்டுப்போனது என்ன என்று பார்ப்பதைவிடப் பெரிய விமரிசன முறை எதுவும் இங்கே தேவைப்படவில்லை.

1999இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஹட்டன் எழுதிய ‘தி டிரையம்ஃப் ஆஃப் தி மூன்’ இந்தச் சமயத்தின் பிறப்பை முழுமையாக ஆராய்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிதை, நாட்டுப்புற இயல், ஃப்ரீமேசன் சடங்குகள், மந்திரச் சபைகள் ஆகிய ஓடைகள் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உருவான புதிய சமயம் என்பது அதன் முடிவு. எதிர்பார்க்கக்கூடியது கலகம். கோபம் இருந்தது, ஆனால் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள், பலர் அதைப் பாடநூலாகவே வைத்துக்கொண்டார்கள். ஏற்காதவர்களில் நியூசிலாந்தின் பென் விட்மோர் 2010இல் ஒரு சிறு நூலே எழுதி, ஹட்டன் எங்கெங்கே அவசரப்பட்டார் என்று அடிக்குறிப்பு அடிக்குறிப்பாகச் சோதித்தார். ஹட்டன் அதே ஆண்டு நீண்ட பதில் எழுதினார். விட்மோர் முழுவதும் வென்றார் என்று நான் கருதவில்லை. ஆனால் ஒரு பேராசிரியரின் மூல ஆவணங்களைச் சமயத்தார் ஒருவர் திரும்பப் போய்ப் பார்த்தார் என்பதே இங்கே செய்தி.

ஒன்பது மில்லியன் கணக்கும் இப்படித்தான் விழுந்தது. ஐரோப்பாவில் 90 லட்சம் பெண்கள் சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்டார்கள் என்று கார்ட்னர் முதல் 1990ஆம் ஆண்டின் கனடிய ஆவணப்படம்வரை சொல்லிவந்தார்கள். இதன் தோற்றுவாய், பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானியர் ஒருவர் ஓர் ஊரின் சில வழக்குகளை வைத்து ஐரோப்பா முழுவதற்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கிப்போட்ட கணக்கு. நீதிமன்ற ஆவணங்களைக் கொண்டு இன்று வரலாற்றாளர்கள் சொல்வது 40,000 முதல் 60,000 மரணங்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆண்கள். இங்கிலாந்தில் எரிக்கவில்லை, தூக்கிலிட்டார்கள். 1998இல் இதைத் தன் சக சமயத்தாருக்கு எடுத்துச் சொல்லிப் பரவலாக்கிய கட்டுரையை எழுதியவர் ஜென்னி கிப்பன்ஸ் என்ற பேகன் பெண்மணி. தியாகிகளின் எண்ணிக்கையைத் தாமே குறைத்துக்கொள்வது எந்தச் சமூகத்துக்கும் எளிதல்ல. நம் பக்கத்தில் எந்த அமைப்பாவது செய்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

பழமை இல்லாமலும் வாழலாம் என்பதைச் சிலர் முன்பே கண்டிருந்தார்கள். 1967இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கல்லூரி வகுப்புக்காகச் சில மாணவர்கள் ஒரு சூனியச் சடங்கை எழுதி நடித்தார்கள். திரும்பத் திரும்பச் செய்ததில் அது அவர்களைப் பற்றிக்கொண்டது, ஒரு மரபாகவே வளர்ந்தது. அவர்களில் ஒருவரான எய்டன் கெல்லி பிறகு கார்ட்னரின் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்து 1991இல் நூல் எழுதினார். வேலியன்டியும் ஹட்டனும் அந்த நூலின் பல வாதங்களை ஏற்கவில்லை. விக்காவை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற ரேமண்ட் பக்லண்டு 1973இல் சாக்சன் பெயரில் ஒரு மரபைத் தொடங்கியபோது, இதை நான்தான் உருவாக்கினேன் என்று அச்சிலேயே சொல்லிவிட்டார். எதுவும் குடிமுழுகிப் போகவில்லை.

இவ்வளவும் பாராட்டத்தக்கவை. ஆனால் ஒரு மறைவிடம் பறிபோனதும் அகந்தை வேறு வீடு பார்த்துக்கொண்டது. பாட்டியைச் சொல்லிப் பெருமைப்பட்ட இடத்தில் இப்போது ஹட்டனைப் படித்திருப்பதைச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். வரலாறு தெரியாத புதியவர்களுக்கு ‘பஞ்சு முயல்’ என்று ஒரு வசைப்பெயர் வந்தது. 1990களில் வந்த ஒரு நூல், பண்டை அயர்லாந்தின் வழிபாட்டில் உருளைக்கிழங்கைச் சேர்த்துவிட்டதாம். உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே பதினாறாம் நூற்றாண்டில். இன்றுவரை அந்த நகைச்சுவை ஓய்ந்தபாடில்லை. நகைச்சுவைக்குக் காரணம் சரியானது. ஆனால் அதைச் சொல்லிச் சிரிப்பவர்களில் பலர் அந்த நூலைத் திறந்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். தெளிவும் ஓர் ஆபரணமாகிவிடும்.

வரலாற்றுக் கூற்றுகளைச் சோதிக்க ஆவணக்காப்பகம் இருக்கிறது. மந்திரம் பலித்ததா என்பதை எங்கே போய்ச் சோதிப்பது? இதற்கு மிக நல்ல ஆய்வு மானிடவியலாளர் டான்யா லூர்மன் 1989இல் வெளியிட்டது. லண்டனில் மந்திரக் குழுக்களுக்குள் சேர்ந்து பழகி எழுதினார். அங்கே அவர் சந்தித்தவர்கள் படித்தவர்கள், நல்ல வேலையில் இருந்தவர்கள், சிலர் கணிப்பொறித் துறையினர். இவர்கள் ஒருநாள் காலையில் எழுந்து மந்திரத்தை நம்ப முடிவெடுக்கவில்லை. முதலில் சடங்கு, பிறகு அதற்குரிய சொற்கள், பிறகு தற்செயல் நிகழ்ச்சிகளில் ஒழுங்கைக் கவனிக்கும் பழக்கம். மெல்ல மெல்ல உலகத்தைப் பொருள்கொள்ளும் முறையே நகர்ந்துவிடுகிறது. வேலை கிடைக்கச் சடங்கு செய்து வேலை கிடைத்தால் பலித்தது. கிடைக்காவிட்டால், நமக்கு உண்மையில் தேவைப்பட்டது அந்த வேலை இல்லை. நகர்ந்ததே நகர்ந்தவருக்குத் தெரிவதில்லை.

பலிக்கிறதா என்ற கேள்வி அகந்தைக்கு மிகவும் வசதியானது, ஏனென்றால் விடையளிப்பவரும் அதேதான். இதைத் தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. குரோலியே, எவ்வளவு ஆணவக்காரராக இருந்தாலும், ஒவ்வொரு சடங்கையும் நேரம், உடல்நிலை, விளைவு உட்பட நாட்குறிப்பில் எழுதச் சொன்னார். டயான் ஃபார்ச்சூன் 1930இல் மந்திரத் தாக்குதலிலிருந்து தற்காப்பது எப்படி என்று எழுதிய நூலில், தாக்குதல் என்று வருகிறவர்களிடம் உடல்நோய், மனநோய், ஏமாற்று ஆகியவற்றுக்கு முதலில் இடம்கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஜெர்மானிய, நார்ஸ் தெய்வங்களை வணங்கும் வட்டங்களிலிருந்து பரவிய ஒரு வழக்கமும் பயனுள்ளது. ஒருவர் தமக்குக் கிடைத்த தரிசனத்தைச் சொல்லும்போது அதைச் ‘சரிபார்க்கப்படாத சொந்த ஞானம்’ என்று முத்திரையிட்டே சொல்ல வேண்டும். பழைய நூலில் இருப்பது வேறு, உனக்குத் தோன்றியது வேறு, இரண்டையும் கலக்காதே. தரிசனம் பொய் என்று இது சொல்லவில்லை. அடுத்தவர் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்கிறது.

2020 ஜூலையில் இந்த வழக்கம் கைவிட்டது. டிக்டாக்கில் புதிதாகச் சேர்ந்த சிலர் சந்திரனுக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. செய்தவர் யாரென்று தெரியாது, செய்தார்களா என்பதும் தெரியாது. சிலர் சந்திரனைக் காக்கச் சடங்கு செய்தார்கள். சிலர் இதனால் தமக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். மூத்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஊடகங்களுக்குக் கொண்டாட்டம். சந்திரனைக் கட்டிவிட்டோம் என்று நினைத்தவரின் அகந்தையைப் பற்றியே எல்லோரும் எழுதினார்கள். முதலில் கேட்டிருக்க வேண்டியது, இதை யார் பார்த்தது என்பது.

இனி அகந்தை என்ற சொல்லுக்கே வரலாம். சைவ சித்தாந்தம் படித்த நமக்கு ஆணவம் என்பது மலம், அதிலும் மூல மலம். அது ஒடுங்குவதே வழி. இந்த அளவுகோலை விக்காவுக்கு அப்படியே நீட்டினால் தவறாகப் போகும். அங்கே ‘நான்’ கரைய வேண்டியதில்லை, நிமிர வேண்டும். 1970களில் இந்த இயக்கம் அமெரிக்கப் பெண்ணியத்தோடு சேர்ந்தபோது வந்த பெண்கள், தம் சொல்லுக்கு மதிப்பில்லாத வீடுகளிலிருந்தும் ஆலயங்களிலிருந்தும் வந்தவர்கள். சூனியக்காரி என்று தன்னைச் சொல்லிக்கொள்வதே ஒரு தலைநிமிர்வு. இந்தச் சமூகத்தைப் பற்றி 1979இல் முதல் விரிவான நூலை எழுதிய வானொலிச் செய்தியாளர் மார்கோ ஆட்லர், தாழ்வுச் சிக்கலைப் பற்றி உலகுக்குச் சொன்ன உளவியலாளர் ஆல்ஃப்ரெட் ஆட்லரின் பேத்தி. அவரும் ஒரு விக்கா பூசாரிணி. அதே ஆண்டு ‘தி ஸ்பைரல் டான்ஸ்’ எழுதிய ஸ்டார்ஹாக், பிறர்மேல் செலுத்தும் அதிகாரம், உள்ளிருந்து எழும் ஆற்றல், சேர்ந்து பெறும் செல்வாக்கு என்று மூன்றைப் பிறகு வேறுபடுத்தினார். முதலாவதை எதிர்க்க இரண்டாவது வேண்டும். இவர்களிடம் போய் அகந்தையை விடு என்று சொல்வது, பல சமயம், பழையபடி வாயை மூடு என்பதுதான்.

ஆனால் நிமிர்வதற்கும் மிதப்பதற்கும் இடையே வேலி இல்லை. நெதர்லாந்தில் ரோஸ் வொங்க், அனூக் விஸ்ஸர் ஆகியோர், ஆன்மிகப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தாம் பிறரைவிட மேலான விழிப்புள்ளவர்கள் என்ற எண்ணம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். ஒளிவட்டம் பார்த்தல் போன்ற சக்திப் பயிற்சிகளில் ஈடுபட்டவர்களிடம் அது மனக்கவனப் பயிற்சியாளர்களைவிடக் கூடுதலாக இருந்தது. பயிற்சி அந்த எண்ணத்தைத் தந்ததா, அந்த எண்ணமுள்ளவர்கள்தாம் அங்கே போகிறார்களா என்பதை இது தீர்க்காது. இரண்டும் இருக்கும் என்பது என் ஊகம்.

உள்ளே இருப்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ‘தலைமைப் பூசாரிணி நோய்’ என்பது அவர்களின் சொல். குழுக்களுக்கிடையே நடக்கும் பூசல்களுக்குச் ‘சூனியக்காரிப் போர்கள்’ என்று பெயர். 1974இல் மினியாபோலிஸில் கூடிய அமெரிக்கச் சூனியக்காரர் பேரவை 13 கொள்கைகளை வெளியிட்டது. சூனியக்காரி என்று தன்னை அழைத்துக்கொள்வதாலோ, பிறப்பாலோ, பட்டங்களையும் தீட்சைகளையும் சேர்த்துவைப்பதாலோ ஒருவர் அப்படி ஆகிவிடுவதில்லை என்பது அதில் ஒன்று. நல்ல கொள்கை, பேரவை அதே ஆண்டிலேயே கலைந்துபோனது. அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் உருவான ‘கவனன்ட் ஆஃப் தி காடஸ்’ அமைப்பு தீட்சைக்குக் காசு வாங்கக்கூடாது என்று விதித்தது. எல்லாக் கொள்கைப் பிரகடனங்களையும்விட இந்த ஒற்றை விதி அதிகம் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கருவி என்று சொல்லத்தக்கது ஐசக் போனவிட்ஸ் 1979இல் வகுத்த மதிப்பீட்டுப் பட்டியல். ஒரு குழு ஆபத்தானதா என்று பார்க்க, தலைவர் கோரும் அதிகாரம், அவர் தமக்கென்று சொல்லிக்கொள்ளும் ஞானம், பணம், பாலுறவு வற்புறுத்தல், வெளியேறுவது எவ்வளவு கடினம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட வேண்டும். அவற்றோடு இன்னொன்று: குழுவைப் பற்றியோ தலைவரைப் பற்றியோ கேலி பேசினால் முகம் சுளிக்கிறார்களா? மற்றவற்றை மறைக்கலாம், இதை மறைப்பது கடினம். உறுப்பினரே உட்கார்ந்து எண் போடும் முறை என்பதால் இது அறிவியல் அளவீடு ஆகாது. தலைவரைப் பற்றி எண் போடலாம் என்ற எண்ணமே பாதிப் பயன்.

போதவில்லை என்பதும் தெரிந்தது. பேகன் விழாக்களில் பாடிவந்த, நன்கறியப்பட்ட இசைக்கலைஞர் ஒருவர் 2014இல் சிறார் ஆபாசப் படக் குற்றத்துக்காகக் கைதானார். 2017இல் குற்றவாளியென்று தீர்ப்பு வந்தது. கைதுக்குப் பிறகு, ஆண்டுக்கணக்காகத் தமக்குச் சந்தேகம் இருந்தது என்று பலர் முன்வந்தார்கள். ஏன் பேசவில்லை? நம்மை ஏற்கெனவே பிசாசு வழிபாட்டாளர் என்கிறார்கள், வீட்டுச் சண்டையை ஊர் பார்க்க வேண்டாம் என்பது ஒன்று; நாம் எதையும் தீர்ப்பிடாதவர்கள் என்ற பெருமிதம் இன்னொன்று. மரேயின் அடிக்குறிப்பைச் சோதிக்கத் தெரிந்த சமூகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைச் சோதிக்க நா எழவில்லை. 2016இல் சம்மதம் பற்றி ஒரு கட்டுரைத் தொகுப்பு வந்தது. விழா அமைப்பாளர்கள் நடத்தை விதிகளை எழுதினார்கள்.

இப்போது குழுவே கரைந்துவருகிறது. 1988இல் ஸ்காட் கன்னிங்ஹாம் தனித்துப் பயில்வோருக்கென்று எழுதிய கையேடு பெருவாரியாக விற்றது. சமூகவியலாளர் ஹெலன் பெர்கரின் ஆய்வுகளில், 1990களின் நடுவில் பதிலளித்த பேகன்களில் பாதிப் பேர் தனித்துப் பயின்றார்கள். 2010ஐ ஒட்டி அது ஐந்தில் நான்கை நெருங்கியது. தீட்சை தர மறுக்கும் மூத்தவர், பட்டத்துக்குப் போட்டியிடும் சகோதரி, பழைய காகிதத்தைக் கேட்கும் வேலியன்டி ஆகிய யாரும் இல்லாத பயிற்சி இது. கொடுமைக்காரத் தலைவரும் இல்லை என்பதை மறுக்கக்கூடாது. அடிபட்டு வந்தவர்களுக்குத் தனிமை ஒரு புகலிடம்.

தனித்துப் பயில்பவர் தனியாகவே இருந்தால் கேடு அவரோடு போகும். ஆனால் கேமராவுக்கு முன் உட்கார்ந்தால் அவருக்குப் பின்தொடர்வோர் கிடைக்கிறார்கள், குழு கிடைப்பதில்லை. பின்தொடர்பவர் கைதட்டலாம், விலகிப்போகலாம். எதிரில் உட்கார்ந்து விடாமல் கேட்க முடியாது. சண்டைக்கும் பஞ்சமில்லை; நாள்தோறும் நடக்கிறது. ஆனால் 1957இல் விலகிப் போனவர்களும் கார்ட்னரும் ஒரே சிறு உலகத்தில், ஒரே நண்பர்களிடையே வாழ வேண்டியிருந்தது. பெருங்கோபத்துக்குப் பிறகும் வேலியன்டி கார்ட்னரோடு சமாதானமானார். பிறகு, கார்ட்னரின் குருவாகச் சொல்லப்பட்ட ‘மூத்த டாரதி’ என்பவர் கற்பனை என்று ஒரு வரலாற்றாளர் ஐயுற்றபோது, பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைத் துருவி டாரதி கிளட்டர்பக் என்ற பெண்மணி மெய்யாகவே வாழ்ந்தவர் என்று 1984இல் நிறுவியவரும் வேலியன்டிதான். கார்ட்னரின் சட்டத்தைப் பொய் என்று தள்ளியவரே அவருடைய சாட்சிக்காகவும் ஆவணம் தேடினார். அந்தப் பெண்மணி சூனியக்காரியாக இருந்தாரா என்பது வேறு கேள்வி. அவர் எழுதிவைத்த நாட்குறிப்புகள் அப்படிக் காட்டவில்லை என்று ஹட்டன் பிறகு வாதிட்டார். இணையத்தில் சண்டை போட்டவரைத் தடைசெய்துவிட்டால் கதை முடிந்தது. யாருக்கும் பதிவேட்டைத் திறக்கும் தேவை எழுவதில்லை.

ஸ்டார்ஹாக் சார்ந்த ரிக்ளெய்மிங் மரபு 1997இல் எழுதிய ஒற்றுமைக் கொள்கைகளில், ஒவ்வொருவருக்கும் இறுதி அதிகாரம் அவரவருக்குள்ளேயே என்று இருக்கிறது; கேள்வி கேட்கும் மனப்பாங்கை வளர்க்கிறோம் என்றும் அடுத்தே இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஸ்டார்ஹாக் தம் முதல் நூலின் பத்தாம், இருபதாம் ஆண்டுப் பதிப்புகளில், தாம் முன்பு ஆண்மை, பெண்மை பற்றி எழுதியவற்றை மாற்றிக்கொண்டதாகக் குறிப்பு எழுதிச் சேர்த்தார். பழைய வாசகத்தை நீக்காமல் அப்படியே விட்டார். அந்த மரபில் அடிப்படை வகுப்புகளை ஒருவர் தனியே நடத்துவது வழக்கமில்லை. இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்துவார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மாணவர்கள் முன்னிலையிலேயே மறுக்கலாம். கட்டணம் வாங்கி வீடியோ வகுப்பு எடுப்பவர்களுக்கும் இது முடியாத காரியமில்லை. வரும்படியைப் பாதியாகப் பிரிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.